புன்னை மரத்துக்கு எதிரே எட்டு சென்ட்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம் அதிகம். பஸ்ஸில் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே செக்கரைக் கண்டால் நடுங்குவேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது அடுக்களையில் நிற்கமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இங்கே எழுதப்போகிற காரியத்தைச் செய்தவள் துணிச்சல்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

தொண்ணூறுகளின் கடைசி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் சாலைக் கம்போளத்தில் ஒரு பாத்திரக் கடையில் பில் எழுதினார். நான் வீட்டில் இருந்தபடியே ரவிக்கை தைத்தேன். மகள் இரண்டாம் வகுப்பு. வலியசாலையில், நீளமான ஒரு வீட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்திருந்தார்கள். அதன் பின்பாதி எங்களுக்கு. வீட்டுச் சொந்தக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், வெயில் காலம் முடிவதற்குள் காலிசெய்து தரும்படி சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து அவருடைய செருப்புச் சத்தம் முன்பக்கம் கேட்டாலே, சத்தம் போடாதே என்று மகளை அடக்குவேன்.

அப்போதுதான் தரகர் ஒருவர் எங்களை நகரத்தின் தெற்கு எல்லைக்குக் கூட்டிப்போனார். காயலை ஒட்டிய வயல்வெளி. மார்கழி மாதம், தண்ணீர் வற்றியிருந்தது. காய்ந்த கோரை, ஓரங்களில் தாழம்புதர், நடுவில் எட்டு சென்டில் மட்டும் செம்மண் கொட்டி மேடாக்கிய இடம். எதிரே கொஞ்ச தூரத்தில் பெரிய புன்னை மரம் ஒன்று, தனியாக. காற்று நன்றாக வந்தது. வரும் வழியில் ஒரு பலகை இருந்தது. பறவைகளைத் தொந்தரவு செய்வதும் வேட்டையாடுவதும் குற்றம் என்று மலையாளத்தில் எழுதியிருந்தது. நாங்கள் எங்கே வேட்டையாடப் போகிறோம் என்று கடந்து வந்துவிட்டோம்.

பத்திரத்தை இங்கே ஆதாரம் என்பார்கள். ஆதாரம் எழுதுகிறவரின் அறையில் வைத்து வீட்டுக்காரர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். பஸ் போர்டு வாசித்துப் படித்த மலையாளம் அவருடையது. வஸ்துவின் இனம், அதாவது சொத்தின் வகை, என்ற இடத்தில் 'நிலம்' என்று போட்டிருந்தது. "நிலம்னு தெளிவாப் போட்டிருக்கு, பாத்தியா?" என்று என்னிடம் காட்டினார். நானும் தலையாட்டினேன். நிலம் வாங்குகிறோம், நிலம் என்று எழுதியிருக்கிறது. அதில் என்ன சந்தேகம்?

கட்டித்தர மார்த்தாண்டம் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் கிடைத்தார். ஒல்லியானவர், சதா வெற்றிலை. தை மாதம் கருங்கல் இறக்கினோம். தோண்டின இடத்தில் எல்லாம் கறுப்புச் சேறு வந்தது. அவர் கடப்பாரையை உள்ளே இறக்கி, அது தானாகவே ஒரு முழம் போவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, இன்னும் ரெண்டு லோடு கல்லு வேணும் கேட்டியளா" என்றார். நான் அந்தக் கடப்பாரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் தள்ளாமலே அது போய்க்கொண்டிருந்தது.

சுவர் எழும்பியது. இரண்டு அறை, ஒரு அடுக்களை. கான்கிரீட் போட என் வளையல்கள் போதவில்லை. சிமெண்டு ஷீட்டு போட்டோம். பூச்சு வேலை பாக்கி, ஜன்னலுக்குக் கதவு பாக்கி, மின்சாரம் பாக்கி. மின்சாரத்துக்கு விண்ணப்பிக்க வீட்டு நம்பர் வேண்டும். அது கட்டி முடித்தால் பஞ்சாயத்தில் கிடைக்கும் என்று தரகர் சொல்லியிருந்தார். வலியசாலை வீட்டைக் காலிசெய்ய வேண்டிய நாள் வந்துவிட்டதால் அப்படியே பால் காய்ச்சிக் குடிபோனோம். தையல் மிஷினை ஜன்னலோரம் போட்டேன். ஜன்னலுக்குச் சாக்குப்படுதா.

குடிபோன மூன்றாம் வாரம் அடுக்களைச் சுவரில் ஒரு விரிசல் கண்டேன். ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். பத்து நாளில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு போட்டேன். அதையும் தாண்டியது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "புது வீடு அமரத்தான் செய்யும்" என்பார். அமர்வது எதுவரைக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சமைக்கும்போது முதுகு சுவர்ப்பக்கம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

மழைக்காலம் வந்தது. ஒரே வாரத்தில் எங்கள் செம்மண் மேட்டுக்கு மூன்று பக்கமும் தண்ணீர். வரப்பு ஒன்றுதான் வழி. அப்புறம் பறவைகள் வந்தன.

அதுவரை நான் பறவை என்றால் காக்கை, மைனா, வயலில் ஒன்றிரண்டு கொக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் புன்னை மரம் நாலைந்து நாளில் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. வெள்ளைக் கொக்கு, கறுப்பு நீர்க்காக்கை, பாம்பு மாதிரிக் கழுத்தை நெளிக்கிற ஒன்று, சிவந்த கண்ணோடு வக்கா. கிளைக்குக் கிளை கூடு. அவை கத்துவது பாட்டு மாதிரி இல்லை. கோபத்தில் ஒரு கூட்டம் பேச்சுவார்த்தை நடத்துவதுபோல, தொண்டையிலிருந்து காறிக் காறி வரும். காலையிலிருந்து இருட்டும்வரை அதுதான். மீன் கவிச்சி வாசனை துணிகளில் ஏறியது. தைக்கக் கொடுத்த துணியை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைப்பேன்.

அந்த வாரத்தில்தான் 'சார்' வந்தார். கல்லூரியில் படிப்பித்து ஓய்வுபெற்றவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். முதல் நாள் எனக்குத் தெரிந்தது தொப்பி, கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். சர்க்கார் ஆள் என்று நினைத்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். கொடுக்காமல் இருக்க முடியுமா?

குடித்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். "தமிழாணோ? எனிக்குக் கொறச்சு தமிழ் அறியும்" என்றார். "இவிடெ வீடு வைக்க ஆரு சொன்னது?"

"எங்க நிலந்தான் சார். ஆதாரம் இருக்கு. நிலம்னே எழுதியிருக்கு."

அவர் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார். "அம்மா, நிலம் என்னு வெச்சால் இவிடெ வயல் ஆணு. நெல்லு வெளையுற பூமி. வீடு வைக்கணும்னா 'புரயிடம்' என்னு எழுதியிருக்கணும். வயல்ல மண்ணு போட்டு வீடு வைக்கக் கூடாது. அதுவும் இந்த வயல். இது பக்ஷிகளுக்கு வேண்டி ஒதுக்கி வெச்ச இடம். அந்த போர்டு கண்டில்லே?"

எனக்கு அவர் முகம் தெரிந்தது, உதடு அசைவது தெரிந்தது, சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. எங்கள் பாஷையில் பூமி என்று பொருள்படுகிற வார்த்தை இந்த ஊர் ரிக்கார்டில் வயல். பத்து வருஷம் மலையாளம் பேசி, மலையாளத்தில் பேரம்பேசிக் காய்கறி வாங்கினவள் நான். இந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் பாதிக் கை கழற்றினபடியே நின்றுவிட்டார். மறுநாள் கடைக்கு லீவு சொல்லித் தரகரைத் தேடிப் போனார். தரகர் வீடு மாறிப் போயிருந்தார். விற்றவர், "எல்லாம் வாசிச்சு ஒப்பிட்டதல்லே?" என்று கேட்டாராம். வாசித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்று. வாசித்தது நிஜம்தானே.

ஆடி பிறந்ததும் வில்லேஜ் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து வாசல் சுவரில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். வேலையை நிறுத்த வேண்டும், நேரில் பார்த்து மேல்நடவடிக்கை எடுக்கப்படும். என் மகள் அதை உரக்க வாசித்தாள். அவளுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. வாசித்து முடித்துவிட்டு, "அம்மா, நம்மட வீடு பொளிக்குமோ?" என்றாள். இடிப்பார்களா என்று கேட்கிறாள். "போ, போய்க் கை கழுவு" என்றேன்.

அதற்குப் பிறகு ஜீப் சத்தம் கேட்டால் எனக்கு வேலை ஓடாது. ரோடு அரை மைல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் தண்ணீரின் மேல் சத்தம் வழுக்கிக்கொண்டு வரும். தைத்துக்கொண்டிருக்கும்போது பெடலை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன். ஜீப் திரும்புகிறதா, நேராகப் போகிறதா? ஒரு ரவிக்கை தைக்க மூன்று நாள் ஆனது. ஒருமுறை வலது கையையும் இடது கையையும் மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

கொத்தனார் வந்தார், மீதி வேலை எப்போது என்று கேட்க. தாளைப் பார்த்தார். "பேடிக்காதீங்க அக்கா. சட்டி அடுப்புல இருக்க வீட்டுல ஒருத்தனும் கை வைக்கமாட்டான்" என்றார். அப்புறம் புன்னை மரத்தைப் பார்த்துத் துப்பினார். "இந்தச் சவங்கதான் எல்லாத்துக்கும் காரணம். இதுவ இங்க இல்லேண்ணா ஒரு கேசும் இல்ல. நோட்டும் கொண்டு பட்சி எண்ண வாற அந்த மனுஷன் அப்புறம் எதை எண்ணுவாரு? ஒரு கெட்டு ஓலைப்படக்கம் போதும். ரெண்டு நாளு வெடிச்சா வேற ஊரு பாத்துப் போயிரும்."

அடுத்த தடவை வரும்போது நிஜமாகவே ஒரு கட்டு கொண்டுவந்தார். கோயில் வெடி வைக்கிறவர்களிடம் வாங்கினாராம். பனையோலை மடித்துச் செய்த வெடி. வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கவே இல்லை. "வேண்டாம் கொத்தனாரே. குஞ்சு பொரிச்சிருக்க நேரம். பாவம்லா" என்றார். ஆனால் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கட்டு எங்கள் பரணில் போய் உட்கார்ந்தது. மேலே ஷீட்டு சூடு, கீழே அடுப்பு. அதற்கும் நான் பயந்தேன்.

பார்வையிட வருகிற தேதி குறித்து இன்னொரு தாள் வந்தது. வியாழக்கிழமை.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவர் கடைக்கும் மகள் பள்ளிக்கும் போயாகிவிட்டது. மழை விட்டு வெயில் அடித்தது. நான் அடுக்களைச் சுவரில் புதிதாகக் கோடு போடப் போனேன். விரிசலில் என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. அந்தச் சமயத்தில் ரோட்டில் ஒரு ஜீப். திரும்புகிறதுபோல இருந்தது. நான் நினைத்தேன், வியாழக்கிழமை என்று சொன்னவர்கள் இன்றைக்கே வந்துவிட்டார்கள், நான் மட்டும்தான் வீட்டில். ஜீப் நேராகப் போய்விட்டது. ஆனால் என் உடம்பு நிற்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து கட்டை எடுத்தேன். அடுப்படித் தீப்பெட்டியை இடுப்பில் செருகினேன். துணி உலர்த்துகிற மூங்கில் கம்பை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன்.

நடக்கும்போதும் எனக்குப் பயம்தான். வரப்பு வழுக்கும், தாழம்புதரில் பாம்பு இருக்கும். யாராவது பார்த்துவிடுவார்கள். எதைவிட எது பெரிய பயம் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. மரத்தடியில் நின்றதும் மேலே ஒரு கணம் எல்லாம் அடங்கியது. நூறு கண் என்னையே பார்க்கிற மாதிரி. கம்பின் நுனியில் இரண்டு வெடியைச் சேர்த்துக் கட்டினேன். முதல் குச்சி நமத்துப் போயிருந்தது. இரண்டாவதும். மூன்றாவது பற்றியது.

அந்தச் சத்தத்தில் நான் கம்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தலைக்குமேல் வெளிச்சமே இல்லை, எல்லாம் சிறகு. அவை போட்ட கூச்சலில் என் கூச்சல் எனக்கே கேட்கவில்லை. எழுந்து, எதற்கு என்றே தெரியாமல், இன்னும் மூன்று வெடிகளைக் கையாலேயே கொளுத்தித் தூக்கி எறிந்தேன். ஒன்று தண்ணீரில் விழுந்து புஸ்ஸென்று போனது. மற்ற இரண்டும் வெடித்தன.

பறவைகள் போய்விடவில்லை. காயலுக்கு மேலே வட்டமாகச் சுற்றின. கூடுகளில் இருந்தவைதான் விழுந்தன. முட்டைகள், சிறகு முளைக்காத குஞ்சுகள். நீலமும் சிவப்புமாக, பெரிய வயிற்றோடு. சிலது சேற்றில் விழுந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. காக்கைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியாது, உடனே வந்துவிட்டன. அப்புறம் பருந்து. நான் கம்பை ஓங்கிக் காக்கைகளை விரட்டினேன். ஒன்றை விரட்டினால் பின்னால் இரண்டு இறங்கியது. ஒரு குஞ்சைக் கையில் எடுத்தேன், சூடாக இருந்தது. மரத்தில் ஏற எனக்குத் தெரியாது. மறுபடி கீழேயே வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

குளித்தேன். சோப்புப் போட்டு இரண்டு தடவை. மீதி வெடியைச் சேற்றில் புதைத்தேன். நாலு மணிக்கு மகள் வருவதற்குள் பறவைகள் எல்லாம் மரத்துக்குத் திரும்பி வந்திருந்தன. ஒன்றுகூடப் போகவில்லை.

மறுநாள் காலை சார் வந்தார். மரத்தடியில் வெகுநேரம் குனிந்து நின்றார். ஓலைத் துண்டுகளைப் பொறுக்கி ஒரு கவரில் போட்டார். நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். தண்ணீர் கேட்கவில்லை. "இன்னலெ ஆரு வந்நு?" என்று கேட்டார். நேற்று யார் வந்தார்கள் என்று.

"தெரியாது சார். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன்."

எங்களுக்கு அப்போது அந்த ஊரில் ரேஷன் கார்டே கிடையாது. அவருக்கு அது தெரியாது. அவர் என்னைச் சந்தேகப்படவும் இல்லை. "அந்தக் கொத்தன்" என்றார். "அவன் சாயா கடையில் வெச்சு சொல்லுறதை நான் கேட்டது. பரிகாசம் என்று நினைச்சேன். விடமாட்டேன்." அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை கொத்தனார் வந்தார். ஸ்டேஷனிலிருந்து நேராக. வெற்றிலை இல்லாத வாயோடு அவரை அப்போதுதான் பார்க்கிறேன். "அக்கா, வாங்கித் தந்தது நான்தான். இல்லேங்கல. ஆனா எனக்க பிள்ளையளாணை நான் வெக்கல்ல. அண்ணன் கிட்டச் சொல்லுங்க, நாளைக்கு ஆபீசர்கிட்ட உண்மையைச் சொல்லச் சொல்லுங்க. எனக்கு மூணு பிள்ளைய அக்கா." அவர் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டார். நான் அரைச் சொம்பு மோர் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்தால் வெளியே வந்துவிடும் என்று பயந்து பல்லைக் கடித்திருந்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தார். கொத்தனார் வந்ததைச் சொன்னேன். "ம்" என்றார். பரண் பக்கம் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் கடைக்குப் போகவில்லை. ஜீப் வந்தது. இந்தத் தடவை திரும்பியே விட்டது. ஆபீசர் ஐம்பது வயதுக்காரர், சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கூட வில்லேஜ் ஆபீஸ்காரர் ஒருவரும் சாரும். கொத்தனாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆபீசர் என் தையல் ஸ்டூலில் உட்கார்ந்து ஆதாரத்தை வாசித்தார். எழுந்து செம்மண்ணைக் காலால் கிண்டிப் பார்த்தார். அடுக்களைச் சுவரில் என் பென்சில் கோடுகளைப் பார்த்து, "இது எந்தா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்.

அப்புறம் சார் கொடுத்த புகார், படக்க விஷயம். கொத்தனார் கைகட்டி நின்றார். "சாரே, அண்ணைக்கு எனக்கு பாறசாலையில வேலை. பத்துப் பேரு சாட்சி உண்டு. நான் வெக்கல்ல."

"பின்னெ ஆரு?"

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "நான்தான் சார்."

 அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தார். அது அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஒரு போனில் தெரிந்துவிடும். அது தெரிந்துதான் சொல்கிறாரா? எதற்காகச் சொல்கிறார்? அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்குத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்தே தெரியும்.

"இல்ல" என்றேன். என் குரல் கிறீச்சென்று வந்தது. "அவங்க இல்ல. நானாக்கும் வெச்சது."

ஆபீசர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "இனி குட்டி வந்நு பறயுமோ, ஞானாணு என்னு?" என்றார். அடுத்து என் மகள் வந்து நான்தான் என்பாளோ என்று கேலி. வில்லேஜ் ஆபீஸ்காரர் சிரித்தார். புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அதனால் நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்டூல், பரண், மூங்கில் கம்பு, நமத்த இரண்டு குச்சி, தண்ணீரில் விழுந்த ஒன்று, மீதியைப் புதைத்த இடம்.  கொத்தனார் போய்ச் சேற்றைக் கிளறி எடுத்துவந்து வைத்தார். யாரும் சிரிக்கவில்லை.

சார் அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். "எந்தினா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். எதற்காக?

"பேடிச்சிட்டு, சார்" என்றேன். பயந்துபோய். மலையாளத்தில்தான் வந்தது.

அவர் நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு வரப்பில் இறங்கி நடந்துபோனார். அதற்குப் பிறகும் வாராவாரம் மரத்துப் பறவைகளை எண்ண வந்தார். எங்கள் வாசலைத் தாண்டும்போது ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பினதில்லை. நானும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதில்லை.

அன்று மத்தியானம் எல்லோரும் போனபிறகு வீட்டுக்காரரிடம் கேட்டேன், "எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"தீப்பெட்டி அடுப்படில இல்ல. உன் தலைமுடில மருந்து வாசம் வந்துச்சு."

"ஏன் கேக்கல?"

அவர் ஸ்டூலை மிஷின் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னார். "கேட்டா, ஆமான்னு சொல்லிருவியோன்னு பயம்."

நாங்கள் இரண்டு பேரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கத்திலும் நின்று பயந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அவர் எழுந்துபோய், கொத்தனார் சேற்றுக்காலோடு மிதித்த தரையைத் துடைத்தார்.

என்னை இரண்டு தடவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். எழுதி வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் தடவை, சேலைத்தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தோ என்னவோ, இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டித்து அனுப்பிவிட்டார்கள். ஜெயிலுக்கு எதையெதை எடுத்துப்போக வேண்டும், மகளுக்கு யார் தலை பின்னுவார்கள் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வெளியே வந்ததும் பஸ் ஸ்டாப்பில் வாந்தி எடுத்தேன்.

வீட்டு விஷயத்தில் கண்டிப்பு வேறு மாதிரி இருந்தது. நம்பர் கிடையாது, மின்சாரம் கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்குள் நாங்களே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் எடுப்பார்கள். மேலே மனு கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தவர்கள் கேஸ் நடக்கிறவரைக்கும் வருஷக்கணக்கில் அப்படியே இருந்துவிட்டதும் உண்டு என்று கடையில் யாரோ யோசனை சொன்னார்களாம். வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வருஷக்கணக்கில் ஜீப் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு, விரிசலுக்குக் கோடு போட்டுக்கொண்டு. நான் தலையை ஆட்டினேன். "எடுத்துரலாம்ங்க."

ஓணம் கழிந்து ஒரு வாரத்தில் கொத்தனார் வந்தார். அவரைக் கூப்பிட எனக்கு முகம் இல்லை. வீட்டுக்காரர்தான் போய்ச் சொன்னார். வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஷீட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார். அப்புறம் சுவர். சுத்தியலால் அடிக்காமல், உளியை வைத்து மெல்லத் தட்டி, செங்கலை முழுசாகப் பிரித்து எடுத்தார். ஒட்டின சிமெண்டைச் சுரண்டி அடுக்கினார். "எனக்க கையால வெச்சதை எனக்க கையாலயே எடுக்கது இதுதான் முதல் தடவை" என்றார். கோபமாகச் சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுக்களைச் சுவரைப் பிரிக்கும்போது என் பென்சில் கோடுகள் தனித்தனிக் கல்லாகக் கழன்று வந்தன. நான் அவரோடு சேர்ந்து கல் சுமந்தேன். நாலு நாள் ஆனது. நாலு நாளும் புன்னை மரத்தில் குஞ்சுகள் பறக்கப் பழகிக்கொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டியே வேலை செய்தேன்.

கதவு நிலையையும் ஜன்னலையும் பாலராமபுரம் பக்கத்தில் ஒருவர் எடுத்துக்கொண்டார். கருங்கல் அஸ்திவாரத்தைத் தோண்டி எடுக்க எங்களால் முடியவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. ஸ்ரீவராகத்தில் ஒரு மாடி அறை வாடகைக்குக் கிடைத்தது. வரப்பு வழியாகச் சுமந்து ரோட்டில் சாமான் ஏற்றிய டெம்போவில் தையல் மிஷினுக்கும் அரிசிப் பானைக்கும் நடுவில் நானும் மகளும் உட்கார்ந்தோம். வண்டி கிளம்பினதும் அவள், "இப்ப நமக்கு வீடு இல்லல்லே?" என்றாள். "இருக்கு, வாடகை வீடு" என்றேன். "அது மதி" என்றாள். போதும் என்று. கொஞ்ச தூரத்தில் தூங்கிப்போனாள். எனக்கும் கண் சொருகியது. மாதக்கணக்குக்குப் பிறகு பட்டப்பகலில், டெம்போ குலுக்கலில், நான் தூங்கினேன்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் கழித்து வீட்டுக்காரர் கடை வேலையாக அந்தப் பக்கம் போய்விட்டு வந்தார். செம்மண் மேடு முழுக்கக் கோரை முளைத்திருக்கிறது, எது நம்முடைய இடம் என்றே சொல்ல முடியவில்லை என்றார்.

"மரம்?" என்று கேட்டேன்.

"மரம் இருக்கு."

"கூடு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் அண்ணாந்து பாக்கல" என்றார். நான் ரசத்தை எடுத்து வைத்தேன்.